மைதானமா? ஆட்டக்காரரா?

"அண்ணே, நீங்களே ஒரு தீர்ப்புச் சொல்லுங்க!"

ஞாயிற்றுக்கிழமை காலை. அயனம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை. டீ குடிக்க நின்ற என்னைச் சூழ்ந்துகொண்டார்கள் பத்துப் பன்னிரண்டு பையன்கள். எல்லோர் காலிலும் சேறு. ஒருவன் கக்கத்தில் பந்து.

நான் பத்திரிகைக்காரன் என்பது டீக்கடைக்காரருக்குத் தெரியும். அவர்தான் மாட்டிவிட்டார். "சார்கிட்ட கேளுங்கடா. நாலு ஊர் சங்கதி தெரிஞ்சவர்" என்று சொல்லிவிட்டு, பாய்லருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

பையன்கள் ஒரு கால்பந்துக் கோஷ்டி வைத்திருக்கிறார்கள். சிலர் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை செய்கிறவர்கள். சிலர் கல்லூரியில் படிக்கிறவர்கள். ஒருவர் வெல்டர். இன்னொருவர், செல்போனில் கேட்டால் வீட்டுக்கே சாப்பாடு கொண்டுவந்து கொடுப்பவர். கோஷ்டியின் பெயரைப் பத்திரிகையில் போடட்டுமா என்று கேட்டேன். "இப்ப வேணாம்ணே! ஏதாவது ஜெயிச்ச பிறகு போடுங்க" என்றார்கள்.

18,000 ரூபாய்

வழக்கு இதுதான்.

மாதாமாதம் ஆளுக்கு நூறு ரூபாய் சந்தா. அப்படிச் சேர்ந்தது 18,000 ரூபாய். சீட்டுக் கட்டிச் சேர்த்தது போல, நாணயமாகச் சேர்த்த பணம். அதை என்ன செய்வது?

கேப்டன் ஒரு கட்சி. "அடுத்த மாசம் ஏழு பேர் ஆடுற பந்தயம் ஒண்ணு வருதுண்ணே. வெளியில இருந்து நல்ல ஆட்டக்காரங்க ரெண்டு பேரைக் கூட்டிட்டு வந்தா கோப்பை நம்மளுது. பரிசுப் பணமும் வரும்."

பொருளாளர் எதிர்க் கட்சி. "தரையைப் பாருங்கண்ணே. ஒரே குழி. முதல்ல மண்ணடிச்சு மட்டம் பண்ணணும்."

குழியைக் காட்ட ஒரு பையனின் காலைக் காட்டினார்கள். கணுக்காலில் கட்டு. போன மாதம் குழியில் கால் போனது. இரண்டு வாரம் வேலைக்குப் போகவில்லை. இரண்டு வாரக் கூலி போயிற்று. வீட்டில் அம்மா, இனிமேல் பந்தைத் தொட்டால் சோறு கிடையாது என்று சொல்லிவிட்டார். இருந்தாலும் காலைக் கெந்திக்கொண்டு வந்து நிற்கிறான், வேடிக்கை பார்க்க!

நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

"நீங்கள் ஆடும் இடம் யாருடையது?"

எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"தெரியாதுண்ணே. காலி மனைதான். நாலு மூலையிலயும் கல்லு நட்டிருக்கு."

அயனம்பாக்கத்தில் நாலு மூலையிலும் கல் நட்ட மனை எத்தனை நாள் காலியாக இருக்கும் என்பதைச் சொல்ல ஜோசியம் தேவையில்லை. சுற்றிலும் அடுக்கு மாடி வீடுகள் எழும்பிக்கொண்டிருக்கின்றன.

"தம்பிகளா, இது உங்கள் வழக்கு மட்டும் இல்லை. பெரிய பெரிய கிளப்புகள் எல்லாம் இந்த வழக்கில் மாட்டிக்கொண்டு முழித்திருக்கின்றன" என்றேன். பெஞ்சில் இடம் விட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதையே இங்கே வாசகர்களுக்கும் சொல்கிறேன்.

சென்னைக் கோஷ்டி, கோவையில் வீடு!

தூரத்துக் கதை எதற்கு? நம் சென்னைக் கதையே இருக்கிறது.

சென்னை சிட்டி என்று ஒரு கால்பந்து கிளப். 2016-17ஆம் வருஷத்துப் பந்தயத் தொடரில் ஐ-லீக் என்ற அகில இந்தியப் பந்தயத்தில் சேர்ந்தது. சின்னக் கிளப். முதல் வருஷம் பெயர் சொல்லும்படி எதுவும் நடக்கவில்லை. இரண்டாவது வருஷமும் அப்படித்தான்.

அவர்களுக்குச் சொந்த மைதானம் கிடையாது. சென்னை நேரு ஸ்டேடியம் அரசாங்கத்துடையது. அங்கே 2014 முதல் சென்னையின் எப்.சி. என்ற பெரிய கோஷ்டி ஆடிக்கொண்டிருந்தது. சென்னை சிட்டி என்ன செய்தது தெரியுமா? மூட்டை கட்டிக்கொண்டு கோயமுத்தூருக்குப் போய்விட்டது! அங்கேயும் ஒரு நேரு ஸ்டேடியம். அது கோவை மாநகராட்சிக்குச் சொந்தமானது.

பெயரோ சென்னை. ஆடுவதோ 500 கிலோ மீட்டருக்கு அப்பால். அம்பத்தூர் ரசிகர் தன் ஊர்க் கோஷ்டி 'உள்ளூரில்' ஆடுவதைப் பார்க்க வேண்டுமானால் ராத்திரி ரயில் ஏற வேண்டும்!

மைதானம் இல்லை. சரி. ஆட்டக்காரர்களையாவது நல்லவர்களாகச் சேர்ப்போம் என்று கிளப் முடிவு செய்தது. 2018-ல் சிங்கப்பூரிலிருந்து அக்பர் நவாஸ் என்ற பயிற்சியாளர் வந்தார். ஸ்பெயின் நாட்டிலிருந்து சில ஆட்டக்காரர்கள் வந்தார்கள். பெத்ரோ மான்சி, நெஸ்டர் கோர்தில்லோ, சாண்ட்ரோ, எஸ்லாவா. யாரும் உலகப் புகழ் பெற்றவர்கள் அல்ல. மான்சியெல்லாம் அங்கே கீழ்ப் பிரிவுக் கிளப்புகளில் ஆடிக்கொண்டிருந்தவர். அவர்களோடு நம் தமிழ்நாட்டுப் பையன்கள்: எட்வின் வான்ஸ்பால், ரொமாரியோ ஜேசுராஜ், பாண்டியன் சீனிவாசன் இப்படிப் பலர்.

இந்தக் கலவை எப்படி அமைந்தது? கல்யாண வீட்டுச் சாம்பார் மாதிரி அமைந்துவிட்டது! மான்சி ஒருவரே 21 கோல் அடித்தார். 2019 ஜனவரியில் சுவிட்சர்லாந்தின் பெயர் பெற்ற பாசெல் கிளப் 26 சதவீதப் பங்கு வாங்கிக் கூட்டுச் சேர்ந்தது.

கடைசி நாள்

2019 மார்ச் 9. பந்தயத்தின் கடைசி நாள்.

சென்னை சிட்டி 40 புள்ளி. நூறு வருஷத்தை நெருங்கிக்கொண்டிருந்த கல்கத்தா கிளப்பான ஈஸ்ட் பெங்கால் 39 புள்ளி. வெற்றிக்கு 3 புள்ளி. சமமானால் 1 புள்ளி. கணக்குப் போட்டுப் பாருங்கள். சென்னை ஜெயித்தால் பட்டம் நிச்சயம். சமம் செய்து, ஈஸ்ட் பெங்கால் ஜெயித்துவிட்டால், பட்டம் கல்கத்தாவுக்கு.

கோவையில் சென்னை சிட்டியும் மினர்வா பஞ்சாபும் மோதின. அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் ஆடிக்கொண்டிருந்தது. ஸ்டேடியத்தில் உட்கார்ந்தவர்களுக்கு ஒரு கண் மைதானத்தில். ஒரு கண் செல்போனில்!

மூன்றாவது நிமிஷம். பஞ்சாப் கோல் போட்டுவிட்டது!

இடைவேளை வரை பதில் இல்லை. பிறகு ஒரு பெனால்டி கிடைத்தது. மான்சி அடித்தார். 1-1. ஆனால் சமம் போதாதே? கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் கடைசியில் ஜெயிக்கத்தான் போகிறது. அது அப்போது யாருக்குத் தெரியும்?

69-வது நிமிஷம். கௌரவ் போரா என்ற ஆட்டக்காரர் கோல் போட்டார். கோல் அடிப்பதல்ல, எதிரியைத் தடுப்பதுதான் அவருடைய வழக்கமான வேலை. அவரே கடைசி நேரத்தில் இன்னொன்றும் போட்டார். 3-1. ஈஸ்ட் பெங்கால் 42 புள்ளி. சென்னை 43. ஒரே ஒரு புள்ளியில் பட்டம்! தமிழ்நாட்டிலிருந்து ஐ-லீக் பட்டம் வென்ற முதல் கிளப் அதுதான்.

இதைக் கேட்டதும் நம் அயனம்பாக்கம் கேப்டன் துள்ளிக் குதித்தார்.

"பாத்தீங்களாண்ணே! மைதானமே இல்லாம ஜெயிச்சிருக்காங்க. ஆட்டக்காரங்கதான் முக்கியம்!"

"பொறு தம்பி. பாதிக் கதைதான் சொல்லியிருக்கிறேன்" என்றேன்.

ஆமதாபாத்தில் 'உள்ளூர்' ஆட்டம்!

பட்டம் வென்றால் ஆசியாக் கண்டத்துப் போட்டிக்குப் போகலாம். 2020 ஜனவரியில் பஹ்ரைன் நாட்டுக்குப் போனார்கள். 0-1 என்று தோற்றார்கள். அடுத்தது ஏ.எப்.சி. கோப்பை. அதில் மாலத்தீவுக் கோஷ்டியான மசியாவோடு உள்ளூரில் ஆட வேண்டும்.

எந்த ஊரில்?

ஆசியாப் போட்டிக்கு மைதானம் சும்மா இருந்தால் போதாது. விளக்கு வெளிச்சம், ஆட்டக்காரர் அறை, தரை எல்லாவற்றுக்கும் அளவு வைத்திருக்கிறார்கள். 2020 மார்ச் 11ஆம் தேதி அந்த ஆட்டம் நடந்தது. எங்கே தெரியுமா? குஜராத்தில், ஆமதாபாத்தில்! தமிழ்நாட்டுச் சாம்பியனின் உள்ளூர் ஆட்டம், குஜராத்தியர் ஊரில்! 2-2 என்று முடிந்தது. பிறகு கொரோனா வந்தது. போட்டியே ரத்தாகிவிட்டது.

அதற்குள் ஆட்டக்காரர்கள் என்ன ஆனார்கள்? 21 கோல் அடித்த மான்சி 2020 ஜனவரியிலேயே ஜப்பான் கிளப் ஒன்றுக்குப் போய்விட்டார். கோர்தில்லோவும் வேறு கிளப்புக்குப் போனார். வான்ஸ்பாலும் பிறகு வேறு சட்டை போட்டுக்கொண்டார். அவர்களைக் குற்றம் சொல்லக் கூடாது. கால்பந்து ஆட்டக்காரருக்கு உழைக்கும் வயது பத்து, பதினைந்து வருஷம்தான். கூடுதல் சம்பளம் கிடைக்கும் இடத்துக்குப் போவது பிழைப்பு.

2020-21ஆம் வருஷத் தொடர் கொரோனாவினால் முழுவதும் வங்காளத்திலேயே நடந்தது. அதிலே சென்னை சிட்டி ஆடியது. அதற்கு அடுத்த வருஷத்து ஐ-லீக் பட்டியலைப் பார்த்தால், சென்னை சிட்டி என்ற பெயரே இல்லை.

பட்டம் வென்று மூன்று வருஷம்கூட ஆகவில்லை. ஆட்டக்காரர்கள் போனார்கள். ஜனங்கள் வந்து நிற்க, 'இது நம் இடம்' என்று சொல்ல, ஒரு கேலரி கிடையாது. ஒரு கதவு கிடையாது. கோவையில் சத்தம் போட்ட ரசிகர்கள் இருந்தார்கள். அவர்களை மறுபடியும் ஓரிடத்தில் கூட்ட இடம்தான் இல்லை.

கேப்டன் உட்கார்ந்துவிட்டார். பொருளாளர் எழுந்தார்.

"அதான் நான் சொன்னேன். மைதானம்தான் முதல்ல!"

"நீயும் பொறு" என்றேன். டீக்கடைக்காரர் சிரித்தார்.

பெரியவர்களுக்கும் இரவல்தான்

நம் நாட்டில் சொந்த ஸ்டேடியம் வைத்திருக்கும் கிளப்பை விரல் விட்டு எண்ணலாம். கல்கத்தா மோகன் பகான் 1889-ல் பிறந்தது. ஈஸ்ட் பெங்கால் 1920-ல் பிறந்தது. அவர்களுடைய பழைய மைதானங்கள் இருக்கும் இடம், ராணுவத்தின் வசம் இருக்கும் நிலம்! பெரிய ஆட்டம் என்றால் அரசாங்கத்தின் சால்ட் லேக் ஸ்டேடியத்துக்குப் போகிறார்கள்.

சென்னையில் முன்பு இதற்கு ஒரு சுலபமான வழி இருந்தது. பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை, தெற்கு ரயில்வே, இந்தியன் பாங்க் போன்ற இடங்களில் கோஷ்டி வைத்திருந்தார்கள். நன்றாக ஆடும் பையனுக்கு வேலை கொடுத்தார்கள். மாதச் சம்பளம், பென்ஷன். அவன் ஏன் வேறு ஊருக்குப் போகிறான்? ரயில் பெட்டித் தொழிற்சாலைக்குச் சொந்த ஸ்டேடியமே உண்டு. பந்து உதைக்கத் தெரிந்தால் பெண் கொடுக்கத் தயங்காத காலம் அது! இன்று அந்த மாதிரி வேலைகள் குறைந்துவிட்டன.

பூட்டுடைத்தவர் கட்டிய மாளிகை

இனி மைதானக் கட்சிக்காரர்களுக்கு ஒரு கதை.

இங்கிலாந்தின் வடக்கே டார்லிங்டன் என்று ஓர் ஊர். ஜனத்தொகை ஏறக்குறைய ஒரு லட்சம். அங்கே ஒரு சின்னக் கிளப். கீழ்ப் பிரிவுகளில் ஆடிக்கொண்டிருந்தது. ஆட்டம் பார்க்கச் சில ஆயிரம் பேர் வருவார்கள்.

1999-ல் அந்தக் கிளப்பை ஜார்ஜ் ரெனால்ட்ஸ் என்பவர் வாங்கினார். இவர் கதையே ஒரு சினிமா. இளம் வயதில் இரும்புப் பெட்டிப் பூட்டை உடைத்துச் சிறைக்குப் போனவர். வெளியே வந்து, சமையல் மேடைப் பலகை செய்யும் தொழிலில் கோடீசுவரர் ஆனார்!

அவர் ஒரு ஸ்டேடியம் கட்டினார். 25,000 பேர் உட்காரும் ஸ்டேடியம். ஊரில் நாலில் ஒரு பங்கு ஜனங்களுக்கு நாற்காலி! நகரும் மாடிப்படி. பளபளக்கும் சலவைக்கல். தன் பெயரையே அதற்கு வைத்தார்.

2003 ஆகஸ்டில் முதல் ஆட்டம். புதிய கட்டடத்தைப் பார்க்க 11,600 பேர் வந்தார்கள். டார்லிங்டன் 0-2 என்று தோற்றது. அப்புறம்? வேடிக்கை பார்க்க வந்தவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். பழைய சில ஆயிரம் பேர்தான் மிச்சம். 25,000 நாற்காலிக்கு நடுவே அவர்கள், பெரிய பந்தலில் நாலே விருந்தாளிகள் உட்கார்ந்த மாதிரி இருந்தார்கள்.

விளக்குச் செலவு, பராமரிப்பு, கடன். அந்த டிசம்பரிலேயே கிளப் கடனில் மூழ்கிக் கோர்ட் வாசலுக்கு வந்தது. 2009-ல் மறுபடியும். 2012-ல் மூன்றாவது தடவை. அத்தோடு ஸ்டேடியத்தை விட்டு வெளியேறினார்கள். ரசிகர்களே காசு போட்டுக் கிளப்பைப் புதிதாகத் தொடங்கினார்கள். நாலு படி கீழே போய் ஆட வேண்டியதாயிற்று. சில வருஷம் பக்கத்து ஊர் மைதானத்தில் குடியிருந்தார்கள்.

அந்தப் பெரிய ஸ்டேடியம் என்ன ஆயிற்று? ரக்பி ஆடும் கிளப் ஒன்று வாங்கிக்கொண்டது. கால்பந்துக் கோஷ்டி 2016-ல் தன் ஊருக்குத் திரும்பி வந்தபோது ஒதுங்கியது, இன்னொரு ரக்பி கிளப்பின் மைதானத்தில்!

பொருளாளர் தம்பி முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

தொப்பி செய்த ஊர்

சரி, இரண்டையும் அளந்து செய்தவர்கள் யாராவது உண்டா?

லண்டனுக்கு வடக்கே சுமார் 50 கிலோ மீட்டரில் லூட்டன் என்ற ஊர் இருக்கிறது. நம் அம்பத்தூர் மாதிரித் தொழிற்சாலை ஊர். பழைய காலத்தில் தொப்பி செய்தார்கள். அதனால் கோஷ்டிக்கே 'தொப்பிக்காரர்கள்' என்று பட்டப் பெயர். பின்னால் மோட்டார் வண்டி செய்தார்கள். அந்தத் தொழிற்சாலையும் 2025-ல் மூடப்பட்டுவிட்டது.

லூட்டன் கிளப்பின் ஸ்டேடியம் 1905-ல் திறந்தது. நூற்றிருபது வயசு! வீடுகளுக்கு நடுவே சிக்கிக்கொண்டிருக்கிறது. வெளியூர் ரசிகர்கள் வரிசை வீடுகளுக்கு அடியில் ஒரு சந்து வழியாக உள்ளே போக வேண்டும். தலைக்கு மேலே யாரோ ஒருவரின் படுக்கையறை! படி ஏறினால் பக்கத்தில் கொல்லைப்புறம். கொடியில் துணி காய்கிறது.

இந்தக் கிளப் 2009-ல் லீகை விட்டே கீழே விழுந்தது. ஐந்து வருஷம் வெளியே கிடந்தது. படிப்படியாக ஏறி, 2023 மே 27ஆம் தேதி கடைசி ஆட்டத்தில் பெனால்டியில் ஜெயித்து, இங்கிலாந்தின் முதல் பிரிவான பிரீமியர் லீகுக்குப் போய்விட்டது. இதனால் குறைந்தது 17 கோடி பவுன் வருமானம் என்று அப்போது கணக்குச் சொன்னார்கள். நம் பணத்தில் 1,700 கோடி ரூபாய்க்கு மேல்!

இப்போது வழக்கு வந்துவிட்டது. பணத்தை எதில் போடுவது?

பழைய ஸ்டேடியத்தில் ஒரு பக்கத்தையாவது இடித்துக் கட்டாவிட்டால் பிரீமியர் லீக் விதிகளுக்குப் பொருந்தாது. டெலிவிஷன் கேமராவுக்கு இடம் வேண்டும். விளக்கு வேண்டும். ஏறக்குறைய ஒரு கோடி பவுன் செலவு செய்து கட்டினார்கள். முதல் உள்ளூர் ஆட்டத்துக்குள் வேலை முடியவில்லை. ஆட்டத்தைத் தள்ளிவைத்தார்கள்!

ஆட்டக்காரர்கள்? மற்ற பெரிய கிளப்புகள் ஒரே ஓர் ஆட்டக்காரருக்கு 10 கோடி பவுன் கொடுத்த வருஷம் அது. லூட்டன் அப்படி அள்ளி இறைக்கவில்லை. ஊருக்கு நடுவே புது ஸ்டேடியம் கட்ட வேண்டும் என்பது அவர்களுடைய பல வருஷத்துக் கனவு. அதை மனதில் வைத்துக்கொண்டு கையை அடக்கினார்கள்.

முடிவு? போராடினார்கள். பெரிய கோஷ்டிகளைக்கூட உள்ளூரில் தோற்கடித்தார்கள். ஆனால் 20 கோஷ்டிகளில் 18-வது இடம். 2024 மே மாதம் கீழே இறங்கினார்கள். 2024 டிசம்பரில் புது ஸ்டேடியத்தின் திருத்திய திட்டத்துக்கு அனுமதி கிடைத்தது. ஐந்து மாதம் கழித்து, 2025 மே மாதம், இன்னும் ஒரு படி கீழே இறங்கிவிட்டார்கள்!

கையில் ஸ்டேடியத்துக்கு அனுமதிக் காகிதம். கோஷ்டியோ மூன்றாவது பிரிவில். ஆட்டக்காரர்களுக்கு இன்னும் கொஞ்சம் செலவு செய்திருக்கலாமே என்று ரசிகர்கள் சிலருக்கு வருத்தம். எனக்கென்னவோ லூட்டன் செய்தது தப்பு என்று தோன்றவில்லை. கிளப் உயிரோடு இருக்கிறது. கடனுக்குத் தலை கொடுக்கவில்லை. தோற்ற கோஷ்டி மறு வருஷம் ஆடலாம். மூடிப் போன கிளப் யாரோடு ஆடும்?

ரத்தம் கொடுத்தார்கள்!

பையன்கள் மிகவும் ரசித்தது இந்தக் கதையைத்தான்.

ஜெர்மனியில் பெர்லின் நகரத்தின் கிழக்குப் பக்கம் யூனியன் பெர்லின் என்று ஒரு கிளப். தொழிலாளர் பேட்டைக் கிளப். 2004-ல் அதற்குப் பெரிய பணக் கஷ்டம். ரசிகர்கள் என்ன செய்தார்கள்? அந்த நாட்டில் ரத்தம் கொடுத்தால் கொஞ்சம் பணம் தருவார்கள். ரசிகர்கள் வரிசையில் நின்று ரத்தம் கொடுத்தார்கள். கிடைத்த பணத்தைக் கிளப்பிடம் கொடுத்தார்கள்!

2008-ல் ஸ்டேடியம் பழுதாகிவிட்டது. படிகள் உடைந்து புல் முளைத்திருந்தது. புதிதாகக் கட்ட ஆளைக் கூப்பிடக் கிளப்பிடம் பணம் இல்லை. ஆட்டக்காரர்களையும் விட முடியாது.

ரசிகர்களே மண்வெட்டி எடுத்தார்கள். கொத்தனார் கொத்து வேலை செய்தார். வெல்டர் வெல்டிங் வைத்தார். ஒன்றும் தெரியாதவர் சிமெண்டு சுமந்தார். 2,000 பேருக்கு மேல். எல்லோரும் சேர்ந்து 1,40,000 மணி நேரம் உழைத்தார்கள். சம்பளம் கிடையாது. 2009 ஜூலையில் ஸ்டேடியம் திறந்தது. உழைத்தவர்கள் பெயர்களைப் பொறித்து ஒரு நினைவுச் சின்னம் வைத்தார்கள். அதன் உச்சியில் ஒரு கட்டட வேலைத் தலைக்கவசம். 2011-ல் ஸ்டேடியத்தின் பங்குகளை ரசிகர்களுக்கே விற்றார்கள். பங்கு ஒன்று 500 யூரோ.

கட்டியவன் டிக்கெட் வாங்காமல் இருப்பானா? கூட்டம் குறையவில்லை. கோஷ்டி தோற்றாலும் குறையவில்லை. 2019-ல் யூனியன் ஜெர்மனியின் முதல் பிரிவுக்கு ஏறியது. 2023-ல் ஐரோப்பாச் சாம்பியன் பந்தயத்திலேயே ஆடியது!

ஒரு வேடிக்கை. அந்தப் பந்தயத்தின் உள்ளூர் ஆட்டங்களை அவர்கள் தங்கள் கையால் கட்டிய ஸ்டேடியத்தில் ஆடவில்லை. நகரத்தின் மறுபக்கம் இருக்கும் பெரிய ஒலிம்பிக் ஸ்டேடியத்தில் ஆடினார்கள். ஆனால் அவர்களுக்குத் திரும்பி வர ஒரு வீடு இருந்தது.

"வெல்டர் நம்மகிட்டயும் இருக்காருண்ணே!" என்று ஒரு பையன் கத்தினான். வெல்டர் வெட்கப்பட்டார்.

வியாசர்பாடி மண்

அதுவரை பேசாமல் இருந்த ஒரு பையன் கேட்டான். "வெளிநாட்டுக் கதையெல்லாம் சரிண்ணே. நம்மளை மாதிரி மண்ணுல ஆடுனவங்க யாராவது மேல வந்திருக்காங்களா?"

நல்ல கேள்வி. வந்திருக்கிறார்கள்.

வியாசர்பாடிப் பையன் நந்தகுமார். அந்தப் பேட்டையில் தெருவுக்குத் தெரு கால்பந்துதான். அங்கே ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசமாகப் பயிற்சி கொடுக்கிறார்கள். சொகுசு மைதானம் கிடையாது. அங்கே ஆடிப் பழகிய நந்தகுமார், நான் சொன்ன சென்னை சிட்டி கிளப்பில் ஆரம்ப வருஷத்தில் ஆடினார். பிறகு டில்லி, ஒடிசா, கல்கத்தா என்று போனார். 2023 ஆகஸ்டு 12ஆம் தேதி டூரண்ட் கோப்பைப் பந்தயத்தில் ஈஸ்ட் பெங்காலுக்காக ஒரே ஒரு கோல் அடித்தார். மோகன் பகானை ஜெயிக்க முடியாமல் பல வருஷம் ஏங்கியிருந்த ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள் அன்று அழுதார்கள். இந்தியக் கோஷ்டியிலும் ஆடினார்.

கன்னியாகுமரி மாவட்டம் இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ் இன்னொருவர். கடற்கரை மணலில் பந்து உதைக்கும் மீனவர் கிராமம் அது. அவரும் சென்னை சிட்டியில் ஆடித்தான் பெரிய கிளப்புக்குப் போனார்.

"அப்ப மைதானம் வேணாமா?" என்றான் கணுக்காலில் கட்டுப் போட்ட பையன்.

"குழி இல்லாத மண்ணாவது வேண்டும். உன் காலையே கேட்டுப் பார்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவன் மட்டும் சிரிக்கவில்லை. இரண்டு வாரக் கூலி அவனுக்குத்தானே போயிற்று?

தீர்ப்பு

"தீர்ப்பைச் சொல்லுங்கண்ணே" என்று நெருக்கினார்கள்.

நான் என்ன தீர்ப்புச் சொல்ல? கணக்கைத்தான் சொன்னேன். வெளியிலிருந்து வரும் இரண்டு ஆட்டக்காரர்கள் ஒரு பந்தயம் ஆடிவிட்டுப் போய்விடுவார்கள். அந்த இடத்தில் ஆட வேண்டிய உங்கள் பையன்கள் இரண்டு பேர் வெளியே உட்காருவார்கள். மாதம் நூறு ரூபாய் சந்தா கொடுத்தவர்களும் அவர்கள்தான். மண்ணடித்தால்? நாளைக்கு மனைக்காரர் கம்பி வேலி போட்டால் 18,000 ரூபாயும் அவர் வீட்டு அஸ்திவாரத்துக்குள் போய்விடும். மணிக் கணக்கில் வாடகைக்கு விடும் செயற்கைப் புல் மைதானத்துக்கு மணிக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் கேட்கிறார்கள். அது எத்தனை வாரம் தாங்கும்?

முதலில் மனைக்காரர் யார் என்று விசாரியுங்கள் என்றேன். பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் மைதானம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை சும்மா கிடக்கும். தலைமை ஆசிரியரைப் போய்ப் பாருங்கள் என்றேன். வார்டு கவுன்சிலரிடம் மனுக் கொடுங்கள் என்றேன். விளையாட்டுத் திடல் கேட்பது உங்கள் உரிமை. அம்மாக்களும் கையெழுத்துப் போட்டால் மனுவுக்குக் கனம் அதிகம்.

கேப்டனும் பொருளாளரும் என்னை மறந்துவிட்டு மறுபடியும் வாதம் செய்ய ஆரம்பித்தார்கள். டீக்குக் காசு கொடுத்துவிட்டு நான் நழுவிவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து அந்தப் பக்கம் போனேன். டீக்கடைக்காரர் கையை நீட்டிக் காட்டினார்.

மனையில் இருந்த குழிகளைப் பையன்களே நிரப்பியிருந்தார்கள். பக்கத்தில் வீடு கட்டும் இடத்தில் மிஞ்சிய மண்ணாம். மேஸ்திரியிடம் கேட்டு வாங்கி, கூடையில் சுமந்து கொட்டியிருக்கிறார்கள். செலவு இல்லை. பணத்தில் கொஞ்சம் எடுத்து இரும்புக் குழாய் வாங்கினார்களாம். வெல்டர் தம்பி இரண்டு கோல் கம்பம் செய்துவிட்டார். தரையில் நடும் கம்பம் இல்லை. கழற்றி மாட்டும் கம்பம்!

"மனைக்காரர் யாருன்னு தெரிஞ்சுபோச்சுண்ணே. தை மாசம் பூமி பூஜை போடப் போறாராம். அதுவரைக்கும் ஆடிக்கச் சொல்லிட்டாரு" என்றார் பொருளாளர்.

"பந்தயம்?"

"நம்ம பசங்களே ஆடினோம். முதல் ஆட்டத்திலேயே அவுட்டு" என்றார் கேப்டன். "நாலு கோல் வாங்கிட்டோம். ஆனா ஒண்ணு போட்டோம்ண்ணே!"

"பள்ளிக்கூடம்?"

"தலைமை ஆசிரியர் நாளைக்கு வரச் சொல்லியிருக்காரு."

ஆட்டம் முடிந்தது. கம்பங்களைக் கழற்றி ஒரு மீன்பாடி வண்டியில் ஏற்றினார்கள். கணுக்காலில் இப்போது கட்டு இல்லாத அந்தப் பையன் வண்டியைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போனான்.